ஆ-பாவுக்குச் சுண்ணாம்புச் சத்து

கொய்யாவைக் கடித்தபோது சத்தம் வரவில்லை. நல்ல செங்காய், மேலே புளிப்பு பிளம் பொடி தூவியது. சூ-ஹுவா மறுபடியும் கடித்தாள். காய் அப்படியே இருந்தது. பற்கள்தான் ஈறுக்குள் பக்கவாட்டில் சாய்ந்து கொடுத்தன, ஈர மண்ணில் நட்ட குச்சிகள் போல.

ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தைவானின் காவ்ஷியுங் நகரில் அன்று மாலை முழுக்கப் புயல்மழை. ஜன்னல் கம்பியின் துரு வாடையும், பால்கனியில் தண்ணீர் ஏறியதால் படுக்கையறைக்குள் வந்துவிட்ட கூண்டின் அழுகல் கீரை வாடையும் ஒன்றாகக் கலந்து, துடைக்கத் துடைக்கப் போகாத பிசுபிசுப்பாக வீட்டுக்குள் நின்றன. கூண்டில், ஊதா வெளிச்சத்தில், ஆ-பாவ் அசையாமல் கிடந்தது. கணவன் மிங்-தே வளர்க்கும் பச்சை இகுவானா, பெரிய ஓணான் வகை. அதற்கும் வயிற்றில் முட்டை. போன வருஷம் ஒன்று சுண்ணாம்புச் சத்துக் குறைந்து தாடை ரப்பராகிச் செத்ததிலிருந்து, இதன் தாடையை அவன் தினமும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பான்.

சமையலறையில் எதையோ இடிக்கும் சத்தம். கடக். கடக்.

"மிங்-தே, என் கால்சியம் மாத்திரை எங்க?"

அவன் சர்க்கரைவள்ளிக் கீரைமேல் வெள்ளைப் பொடியைத் தூவிக்கொண்டு வந்தான். "முட்டை கட்டறப்போ இதுங்க தன் எலும்பையே கரைச்சுக் குடுத்துடுமாம். டாக்டர் சொன்னாரு. பாவம் இல்ல?"

"அது எனக்குக் குடுத்த மாத்திரை!"

"நீ பால் குடி. அது குடிக்குமா?"

"என் பல்லு ஆடுது."

"எங்கம்மா மூணு பெத்தாங்க, மூணு பல்லு போச்சு. முனகியிருப்பாங்களா?"

கூண்டு விளக்கை இன்னும் கிட்டத்தில் மாட்ட ஆணியும் சுத்தியலும் எடுத்தான். அவள் குறுக்கே கை நீட்டினாள்.

"வேணாம். பிள்ளைத்தாச்சி ரூம்ல ஆணி அடிக்கக் கூடாது. பிள்ளையைக் காக்கற சாமி சுவத்துல இருக்கும்னு உங்கம்மாதானே சொன்னாங்க?"

"கொஞ்சம் நகந்து உக்காரச் சொல்லு."

ஆணியில் விழுந்த முதல் அடி அவள் இடுப்பில் இறங்கியது. அடுத்தது விலாவில். வலி இல்லை. அதுதான் பயம். எலும்பு இருந்த இடமெல்லாம் மெழுகு மாதிரி இளகியது.

மிங்-தே ஆ-பாவின் தாடையை அழுத்தினான். "கல்லு மாதிரி இருக்குடி, என் தங்கம்!" திரும்பினான். "உன்னோடதைக் காட்டு."

விளையாட்டாகத்தான் அழுத்தினான். விரல் உள்ளே போனது.

எடுத்தான். குழி அப்படியே நின்றது.

கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வாய் மூடவும் இல்லை.

"பயப்படாத. இது முட்டை வெச்சதும் உனக்குப் புது டப்பா வாங்கித் தரேன்." அவள் கையிலிருந்த கொய்யாவை உருவிக் கூண்டுக்குள் போட்டான். மீதி மாத்திரைகளை இடிக்கப் போனான்.

கடக். கடக்.

பிள்ளை உதைத்தது. ஒரு விலா வெளியே வளைந்தது. திரும்ப உள்ளே போகவில்லை. இன்னொரு உதை. இன்னொரு விலா. பிறகு அடுத்தது. குடை விரிவது போல, தோலுக்கடியில், மெதுவாக.

ஊதா வெளிச்சத்தில் ஆ-பாவ் அவளையே பார்த்தபடி கொய்யாவைக் கடித்தது.

நறுக்.