முதல் பெயருக்காக ஒரு கொலை

ஸாதியாவின் கைப்பேசி அலறியது.

திங்கட்கிழமை. காலை ஏழே கால். ஏறாவூர் வீட்டில் அவள் பிளேன்டீயை வாயில் வைக்கக்கூட இல்லை.

"மிஸ்... ஓடி வாங்க மிஸ்! எல்லாம் போச்சு!"

ஆய்வகப் பணியாளர் கோணாமலையின் குரல்.

"என்ன அண்ணன்? ஆருக்கு என்ன?"

"முப்பத்தெட்டும் செத்துப் போச்சு மிஸ்!"

முப்பத்தெட்டு!

பிளேன்டீ தரையில் சிந்தியது.

வாவிக்கரையில் அவள் வேலை பார்த்த சிறிய மீன்வள ஆய்வு நிலையத்தின் வாசலிலேயே நாற்றம் அவள் மூக்கில் அறைந்தது.

ஃப்ரீசர் திறந்து கிடந்தது. உள்ளே... முப்பத்தெட்டு மணலை மீன்கள். வீங்கி, வெளிறி, கூழாகி!

பிளக் சுவரிலிருந்து கழன்று தரையில் கிடந்தது.

"அண்ணன்... செத்த மீனைத்தானே நாங்க உள்ள வச்சது?"

"ஓம் மிஸ். இப்ப இன்னொருக்காச் செத்துப் போச்சு!"

சிரிக்க முடியவில்லை. கண்கள் நிறைந்தன.

அவை சோற்றுக்கு ஆணம் காய்ச்ச வாங்கிய மீன்கள் அல்ல. மாரி வெள்ளம் வயல்களுக்குள் ஏறியபோது வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். கடல் உள்ளே புகுந்தது. வாவியே மாறிப்போனது. வெட்டுவதற்கு முந்தைய வாவியின் மீன்கள் இனி எந்த வலையிலும் விழாது.

ஸாதியாவின் ஆய்வுக் கட்டுரை ஒரு வெளிநாட்டு இதழின் கையில் இருந்தது. மதிப்பீட்டாளர்கள் ஒரே ஒரு கோரிக்கை வைத்திருந்தார்கள்.

'அதே பருவத்து மீன்கள் இன்னும் வேண்டும். அவற்றின் வயதைக் கணக்கிட்டு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.'

அந்த முப்பத்தெட்டின் வயதையும் அனுப்பினால் கட்டுரை வரும். எழுதியவர்களில் முதல் பெயர் அவளுடையது. நிரந்தர ஆய்வாளர் பதவிக்கு நேர்முகத் தேர்வு. அனுப்பாவிட்டால்... மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடியும். வீட்டுக்குப் போகலாம்.

கண்ணைத் துடைத்தாள். கையுறை போட்டாள். ஒரு மீனின் தலையைத் தூக்கினாள். விரலால் அழுத்திப் பார்த்தாள்.

பிறகு மூடியைச் சாத்தினாள்.

"இதில ஒண்டையும் வீசிராதீங்க அண்ணன்."

"மணக்குது மிஸ்!"

"மணக்கட்டும்!"

பணிப்பாளர் கலாநிதி உதயரூபனின் அறையில் ஏசி உறுமியது. அவர் கடைசியாக மீனைத் தொட்டது நேற்று மதியம்... சோற்றுக் கோப்பையில்! ஏழு வருடங்களாக ஒரு கட்டுரை இல்லை. பதவி உயர்வும் இல்லை.

"அடடா... பாவம் புள்ள நீ" என்றார். "ஆனா ஒரு வழி இருக்கு. என்னட்டப் பழைய தரவு கிடக்கு. நாப்பது மீன். அதச் சேத்து அனுப்புவம்."

"அது வேற காலத்து மீன் சேர்!"

"ஆருக்குத் தெரியப் போகுது? ஒண்டே ஒண்டுதான்... முதல் பேர் என்ட பேரா வரோணும்."

ஸாதியாவுக்குள் சுருக்கென்றது.

"சேர், விடியச் சாமம் வள்ளத்தில போனது நான். மீன்முள்ளுக் குத்திக் கை வீங்கினது எனக்கு. நீங்க ஒரு நாள் கரைக்குக்கூட வரல்லயே!"

"கோவப்படாத. நாளைக்குக் கலியாணம் முடிச்சா நீ அடுப்படிக்குப் போயிருவாய். அங்க முதல் பேர வச்சு என்ன செய்யப் போறாய்?"

பல்லைக் கடித்தாள்.

"பிளக்கக் கழட்டினது ஆர் சேர்?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆய்வகச் சாவி மூணு. ஒண்டு என்னட்ட. ஒண்டு கோணாமலைக்கிட்ட. மற்றது யசோதினிக்கிட்ட. இருக்கிறது ஒரு பதவி. அதுக்கு அவளும் போட்டி... நான் ஒண்டும் சொல்லல்ல!"

சொல்லிவிட்டார்!

நுண்ணோக்கியில் குனிந்திருந்த சக ஆய்வாளர் யசோதினியின் தோளைப் பிடித்துத் திருப்பினாள் ஸாதியா.

"ஏன்கா இப்பிடிச் செஞ்சாய்?"

"என்னத்தகா?"

"ஃப்ரீசர் பிளக்கு!"

"உனக்கென்ன விசரா? அந்தப் பேப்பர்ல ரெண்டாம் பேர் ஆர்ட? என்ட! உன்ட மீன் போனா நானும் சேந்துதானே போறன்!"

ஸாதியா திகைத்தாள்.

"அப்ப... ஏன் ரெண்டு கிழமையா என்னோட பேசல்ல?"

"நீதானே என்ட பேர வெட்டச் சொன்னாய்!"

"வல்லாஹி நான் சொல்லல்ல! ஆரு சொன்னது?"

"சேர்."

இரண்டு தலைகளும் மெல்லத் திரும்பின. ஏசி அறையின் கதவைப் பார்த்தன.

"படுபாவி..." என்றாள் ஸாதியா. "ரெண்டு பேரையும் மோதவிட்டுட்டு நடுவில நிண்டிருக்கார். ஆனா ஆதாரம் வேணுமேகா!"

யசோதினி மேசை லாச்சியை இழுத்தாள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கருவியை எடுத்தாள்.

"வா!"

கதவு தட்டப்படவில்லை. திறக்கப்பட்டது! பின்னால் கோணாமலை.

"சேர், இது தண்ணிச் சூடு பதியிற கருவி" என்றாள் யசோதினி. "மீனோட மீனா ஃப்ரீசருக்குள்ள கிடந்தது. பத்து நிமிசத்துக்கு ஒருக்காப் பதியும். கொம்பியூட்டர்ல போட்டா, பிளக் கழண்டது எந்த நாள், எத்தின மணி... எல்லாம் வரும்."

உதயரூபனின் நெற்றியில் வியர்வை. ஏசி பதினெட்டில் இருந்தது!

"என்ன... என்னை மிரட்டுறீங்களா? சனிக்கிழமை நான் ஒரு ஃபைல் எடுக்கத்தான் வந்தனான்!"

ஸாதியா யசோதினியைப் பார்த்தாள்.

"நாங்க சனிக்கிழமை எண்டு சொல்லல்லயே சேர்" என்றாள் ஸாதியா.

அவர் முகம் வெளிறியது. மணலையைப் போல!

மறுகணம் மேசையில் ஓங்கி அறைந்தார்.

"ஓம்! நான்தான் கழட்டினன்! என்ன செய்வாய்? மீன் அழுகிப் போச்சு. வெள்ளிக்கிழமை உன்ட கட்டுரையும் அழுகும். என்ட தரவு இல்லாம நீ ஒண்டும் இல்ல!"

ஸாதியா சிரித்தாள்!

கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிச் சிமிழை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே அரிசிக் குறுணி போல இரண்டு வெள்ளைத் துணுக்குகள்.

"இது என்ன சேர்?"

அவர் விழித்தார்.

"செவிக்கல். மீன்ட தலைக்குள்ள இருக்கும். இண்டைக்குக் காலையில அந்தக் கூழுக்குள்ள இருந்துதான் எடுத்தன். மரத்தில இருக்கிற மாதிரி இதில வளையம் இருக்கு. வயசு பாக்கிறது இதிலதான். சதை அழுகும் சேர். கல் அழுகாது!"

"அப்ப..."

"தலை கூழானா இன்னும் லேசு. நாலு நாள் வெட்டுற வேலையை நீங்க ரெண்டு நாளாக் குறைச்சுத் தந்திருக்கீங்க. கத்தி பிடிச்சுப் பழகின ஆளா இருந்தா இது தெரிஞ்சிருக்கும்!"

"வெள்ளிக்கிழமை பேப்பரும் போகும்" என்றாள் யசோதினி. "உங்கட மேலிடத்துக்கு முறைப்பாடும் போகும். சாட்சி மூணு பேர். பதவிக்கு நாங்க ரெண்டு பேரும் அடிபடுறத அதுக்குப் பிறகு பாப்பம்!"

உதயரூபன் பாய்ந்தார். அவள் கையிலிருந்த கருவியைப் பறித்தார். தரையில் போட்டுச் சப்பாத்துக் காலால் மிதித்தார்!

"இப்ப காட்டு! இப்ப காட்டு உன்ட ஆதாரத்த!"

யசோதினி பதறவில்லை.

"அதில ஒண்டும் பதியல்ல சேர். பெப்ரவரி மாசத்திலயிருந்து அது வேலை செய்யல்ல. பற்றரி வாங்கக் கேட்டு நாங்க தந்த கடிதம் இன்னும் உங்கட மேசையிலதான் கிடக்கு... கையெழுத்துக்கு!"