வடக்குச் சுவரின் மூன்றாவது ஜன்னல்

கலைவேந்தன் ஏம்பலத்தில் காரைவிட்டு இறங்கியபோது பிற்பகல்தான். ஆனால் ஐப்பசி மேகம் கரும்புக் கொல்லைகளின்மேல் கவிழ்ந்து, பொழுது சாய்ந்ததுபோல் இருண்டிருந்தது. அவர் பாரம்பரியக் கட்டட நிபுணர். வெளிநாட்டில் ஆறு வாரம் படித்ததை அறுபது வயதுவரை பேசக்கூடியவர்.

பார்க்க வந்தது கஸ்தூரியின் வீட்டை. பழைய சுண்ணாம்புச் சுவர், தேக்குத் தூண்கள். பாரம்பரியப் பட்டியலில் ஏறிய நாளிலிருந்து அந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் குழுவிடம் மனுப் போட வேண்டும். குழுவில் பலர் உண்டு. வாய் திறப்பவர் கலைவேந்தன் மட்டும்.

உள்ளறைக்குள் நுழைந்ததும் அவர் வடக்குச் சுவரைக் காட்டினார். "பார்த்தீங்களா? மூணாவது ஜன்னலை யாரோ செங்கல் வெச்சு அடைச்சிருக்காங்க. எடுத்துட்டு மூல வடிவத்துக்குக் கொண்டு வரணும்."

"அது ஜன்னல் இல்ல சார்," என்றாள் கஸ்தூரி. "எங்க மாமியா போன வருஷம் அடைப்பு நாள்ல செத்தாங்க. கெட்ட நட்சத்திரம். வாசல் வழியா தூக்கினா அதே வழியா வூட்டுக்குத் திரும்பிடுவாங்கன்னு செவுத்த இடிச்சுத் தூக்கினோம். கையோட அடைச்சுட்டோம், வழி தெரியக்கூடாதுன்னு."

"தெற்குல மூணு ஜன்னல், வடக்குல ரெண்டா? கட்டினவன் என்ன கணக்கு தெரியாதவனா? சமச்சீர்னு ஒண்ணு இருக்கும்மா."

"நானும் எம் பொண்ணும்தான் சார் இங்க படுத்து எழுந்துக்கறோம். வேற போக்கிடம் இல்ல."

"பேய்க்குச் சட்டத்துல பிரிவு கிடையாது. வேலையைத் தடுக்கறவங்களுக்கு இருக்கு."

கஸ்தூரி அடங்கிப்போனாள். "உசுரோட இருந்தப்பவே அவங்களச் சமாளிக்க முடியல," என்று மட்டும் முணுமுணுத்தாள்.

கலைவேந்தன் உறுவையாற்றிலிருந்து கூட்டி வந்திருந்த கொத்தனார் அருள்தாஸ் சிலுவை போட்டுக்கொண்டு கடப்பாரையை ஓங்கினார். செங்கற்கள் பொலபொலவென்று வெளிப்பக்கம் சரிந்தன.

ஜன்னல் நிலை பதிந்த தடம் எதுவும் அங்கே இல்லை. மேலே வளைவும் இல்லை. சுவரைக் கண்டமேனிக்குப் பிய்த்த ஓட்டை அது. ஆள் படுத்த வாக்கில் போகுமளவு அகலம்.

கலைவேந்தன் தொண்டையைச் செருமினார். "ஆய்வுக்குரியது."

ஓட்டை வழியாகக் காற்று வந்தது. மழையில் நனைந்த கரும்புத்தோகையின் வாசனை வந்திருக்க வேண்டும். வந்தது அழுகின மாலையும் ஊதுவத்தியும் கலந்த வாடை.

தொப்.

"இன்னா சார் சத்தம் அது?" என்றார் அருள்தாஸ்.

வெளியே எட்டிப் பார்த்தார்கள். கொல்லைவரை ஆளில்லை. சேற்றில் இரண்டு பள்ளங்கள், பக்கத்தில் பக்கத்தில். இரு பாதங்களும் சேர்ந்தாற்போல் குதித்த தடம்.

தொப்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு பள்ளங்கள் விழுந்தன. சுவருக்குக் கிட்டத்தில். அவற்றில் மெல்லத் தண்ணீர் ஊறியது.

ஓட்டையின் விளிம்பிலிருந்த சுண்ணாம்பு உள்பக்கமாக உதிர்ந்தது.

கலைவேந்தனின் தோளை ஈரத்துணி ஒன்று உரசிப் போனதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்க அவருக்குக் கழுத்து வரவில்லை.

"அடைங்க," என்றார். குரல் கீச்சென்று வந்தது.

"குழு அனுமதி வேணுமே சார்," என்றாள் கஸ்தூரி. அவள் கேலி செய்யவில்லை. பயந்தே கேட்டாள்.

"நான்தாம்மா குழு. அடைங்க."

ஆணி அடிக்க மனுக் கேட்டவர் சேற்றில் இறங்கிச் செங்கல் பொறுக்கித் தந்தார். அருள்தாஸ் கலவை குழைத்ததும் தெரியாமல் பூசியதும் தெரியாமல் கடைசிக் கல்லைச் செருகினார். அறை இருண்டது. சத்தம் நின்றிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கலைவேந்தனுக்குப் பழைய குரல் திரும்பியது. "தற்காலிகப் பாதுகாப்பு நடவடிக்கை. அறிக்கையில அப்படித்தான் வரும்."

கஸ்தூரி அவரைக் கவனிக்கவில்லை. குனிந்து தரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரமாக இல்லை, அறைக்கு நடுவில், அவர்களுக்குப் பின்னால். விரல் அகலத்தில் ஒரு வெள்ளைத் துணிக்கிழிசல். மஞ்சள் கறை. சொட்டச் சொட்ட ஈரம்.

"என்னம்மா அது?"

அவள் தொடவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"கால் கட்டு சார். பொணத்தோட ரெண்டு கட்டவெரலையும் சேத்துக் கட்டுவாங்களே, அது. நான்தான் கட்டினேன்."

"அது எரிஞ்சிருக்குமே."

"ஆமா சார். முடிச்சப் பாருங்க. அவுத்திருக்கு."

பக்கத்துக் கூடத்தில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. சொந்த வீட்டில் நடப்பவர்களின் நிதானமான நடை.

இப்போது ஒவ்வொரு காலாக.