நடிகைக்கு எட்டுச் செலவு

சாத்திய அறைக்குள் யாரோ மெல்லும் சத்தம் கேட்டது. முதலில் எலி என்றுதான் இந்துஜா நினைத்தாள். ஆனால் எலி கொறிக்கும், இப்படி வாயை மூடிக்கொண்டு, துண்டைக் கடைவாயில் ஒதுக்கி, நடுவில் விரலையும் சூப்பி, நிதானமாகச் சவைக்காது. சரவணைக் கிராமத்தில் இருட்டு விழுந்துகொண்டிருந்தது. சாம்பிராணிப் புகையும், பனங்கிழங்கு மாவில் அவித்த ஒடியல் புட்டின் கசப்பு மணமும், கணவாய்க் கறியின் காரமும் கதவின் கீழ் இடுக்கால் வந்து கூடத்தில் தேங்கின. கதவுக்கு முன்னால் கதிரையைப் போட்டு அப்பா கதிர்காமு இருந்தார்.

"கேக்குதே அப்பா?"

"சாப்பிடத்தானே படைச்சது. செத்தவள் சாப்பிடட்டும். நீ வாயை மூடு."

செத்தவள் இந்துஜாவின் அக்கா பிரியதர்சினி. அவள் சாகவில்லை. அமெரிக்காவில் நடிகையாக இருந்தாள்.

அங்கே அவளுக்குக் கிடைத்த முதல் வேடம் பிணம். துப்பறியும் தொடர் ஒன்றில் இரும்பு மேசையில் கிடந்தாள், பெயர்கூடப் போடவில்லை. பிறகு தாதி, கடைக்காரி, குண்டுவெடிப்பில் ஓடும் யாரோ ஒருத்தி. அப்படியே இருபது வருடம் மூலையில் நின்று, போன வருடம் பெரிய தொடர் ஒன்றில் நீதிபதியாக நடித்து, இப்போது பரிசு வாங்கினாள். அதையொட்டிப் போன வாரம் கொடுத்த பேட்டியில்தான் சொன்னாள்: பள்ளிக்கூட நாடகத்துக்கு முகத்தில் பூச்சுப் பூசியதற்காகத் தன்னைத் தகப்பன் இரண்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் அறையில் பூட்டி வைத்தார் என்று. இதே அறை. ஊர் முழுக்கக் கைபேசியில் பார்த்தது.

அன்றே அப்பா கிணற்றடியில் தலை முழுகினார். மூத்தவள் செத்துவிட்டாள் என்று வாசல் படலையில் நின்று சொன்னார். எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, அறையைச் சாத்தி, சாப்பிட்டு முடியும்வரை வெளியே காத்திருப்பது வழக்கம். அந்த எட்டுச் செலவையும் இன்று செய்தார். சமைத்தது இந்துஜா. அப்பாவை மறுத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. அக்காவுக்குப் பிடித்த மாதிரிப் புளி கூடுதலாக விட்டாள்.

கைபேசி அடித்தது. அக்கா. குசினிக்குள் கொண்டுபோய் எடுத்தாள். அங்கே விடிகாலை. ஒரு பெண் அக்காவின் கழுத்திலும் கைகளிலும் வெள்ளை பூசிக்கொண்டிருந்தாள்.

"எடி இந்து, இண்டைக்கு என்ன வேசம் தெரியுமே? நீதிபதியைச் சாக்காட்டிப்போட்டாங்கள். இவ்வளவு காலம் ஓடித் திரிஞ்சு, திரும்பவும் மேசையிலை பிணம்!" சிரித்தாள்.

"சாப்பிட்டியோ அக்கா?"

"ஒண்டும் சாப்பிடேல்லை. ஆனால் வாயெல்லாம் கணவாய் மணக்குது. புளி கூட விட்ட கணவாய். நீ சமைச்சனியோ?"

இந்துஜா அறைப் பக்கம் காதைத் திருப்பினாள். அறைக்குள் மெல்லும் சத்தம். திரையில் அக்காவின் தாடை அசைந்தது. இரண்டும் ஒரே தாளத்தில்.

"அக்கா, துப்பு! விழுங்காதை!"

"வாயிலை ஒண்டும் இல்லையடி, விசரி." தொண்டை ஏறி இறங்கியது. யாரோ கூப்பிட்டார்கள். அக்கா கைபேசியை எதிலோ சாய்த்து வைத்தாள். "வைச்சிடாதை. செத்துக் காட்டுறன், பார்."

இந்துஜா கூடத்துக்கு ஓடினாள். அப்பா காலை நீட்டி மறித்தார்.

"திறவுங்கோ அப்பா. அக்கா உயிரோடை இருக்கிறா. கும்பிட்டுக் கேக்கிறன்."

"பாதியிலை எழுப்பினால் பசியோடை போவாள்." பல்லைக் காட்டினார். "முந்தியும் பசி கிடந்தவளாம். உலகத்துக்கே சொன்னவளெல்லோ?"

அவள் கதவுக் கொண்டியில் கை வைத்தாள். அவர் விரல்களைப் பிடித்துப் பின்னால் மடக்கினார். ஒன்று முறிந்தது. மற்றக் கையில் கைபேசி.

திரையில் இரும்பு மேசை. அக்கா. தாடை மெல்ல அசைந்தது. இன்னும் மெல்ல.

நின்றது.

அறைக்குள்ளும் நின்றது.

மூச்சே தெரியவில்லை, அற்புதம் என்று ஒருவன் ஆங்கிலத்தில் சொன்னான். கை தட்டினார்கள். எழும்பச் சொன்னார்கள். அவள் எழும்பவில்லை. சிரித்தார்கள். இன்னொருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

கதவு உள்ளிருந்து தட்டப்பட்டது. மரியாதையாக. உள்ளிருந்து அக்காவின் குரல்.

"அப்பா. கை கழுவத் தண்ணி."

அவர் எழும்பினார். கதிரையடியில் வைத்திருந்த மஞ்சள் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். கொண்டியை அவரே நீக்கினார். கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீண்டது. முழங்கைவரை வெள்ளை. விரல்களில் குழம்பு.

கதிர்காமு செம்பைச் சரித்தார். மஞ்சள் தண்ணீர் தரையில் ஓடியது. குழம்பு போனது. வெள்ளை போகவில்லை. பெருவிரலால் தேய்த்தார். போகவில்லை. நகத்தால் சுரண்டினார். தோல்தான் வந்தது.

"இன்னும் ஊத்துங்கோ அப்பா."

செம்பில் தண்ணீர் இல்லை. அவர் சரித்தபடியே நின்றார். கை நீட்டியபடியே இருந்தது.