அங்கம்மா அத்தையின் மூக்கு

வைத்திக்குப்பத்தில் மீன் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். அது குடிதண்ணீர்க் கிணறு. கடைசியில் அதற்குள்ளும் மீன் வந்து சேர்ந்துவிட்டது.

கொண்டுவந்து விட்டவர் சுகாதார இலாகா ஜானகிராமன். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் மூன்று வருடம்கூட ஆகாத சமயம் அது. சித்திரை வெயிலில் ஒரு நாள், சைக்கிளின் பின்னால் தகர டப்பா ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கிணற்றடியில் நின்று, பாடப் புத்தகத்தை ஒப்பிப்பதுபோலப் பேசினார்.

“பொதுமக்களே, கொசுவின் முட்டைகள் நீர்நிலைகளில் புழுக்களாக மாறுகின்றன. அப்புழுக்களை உண்டு வாழும் சிறு மீன்களை...”

ஆண்கள் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்குக் கூடையோடு மார்க்கெட்டுக்கு ஓடுகிற அவசரம். குப்பத்துத் தலைவர் நாட்டார் தட்சிணாமூர்த்தி மட்டும் மரியாதைக்குத் தலையை ஆட்டினார். அவர் தலை ஆடியதும் ஊரே ஒத்துக்கொண்டது என்று நினைத்து, ஜானகிராமன் டப்பாவைக் கிணற்றில் கவிழ்த்துவிட்டார். சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத மீன்கள் உள்ளே போயின. பக்கத்துத் தெருக்காரர்கள் மட்டும், “எங்க கெணத்துக்கு வேணாம்” என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஆடி மாதம் வரை ஒரு வம்பும் இல்லை. கூழ் ஊற்றும் வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் காலை, மீன் விற்கும் அங்கம்மாளின் வாளியில் ஒரு மீன் ஏறி வந்தது.

“இன்னா இது, தண்ணி கவிச்சி அடிக்குது” என்றாள் அங்கம்மாள்.

அவள் சொன்னால் சொன்னதுதான். கரையில் ஏலத்துக்கு வரும் கூடையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை முகர்வாள். இது இன்று பிடித்தது, இது நேற்றையது, இது நேற்றையதை அடியில் வைத்து மேலே இன்றையதைப் பரப்பியது என்று பிட்டுப்பிட்டு வைப்பாள். அப்படிப்பட்ட மூக்கு. அது சொன்ன மறுநிமிடமே கிணற்றடியில் இருந்த எல்லாருக்கும் கவிச்சி அடித்தது. நேற்றுவரை அதே தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தவர்கள்தான்.

“மாரியம்மனுக்கு வைக்கிற கூழு. மீன் நீந்தின தண்ணியிலயா காய்ச்சறது?” என்று ஒருத்தி கேட்டாள்.

அங்கம்மாளின் தம்பி மகள் வேம்பு குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பதினோரு வயது. “கூழுக்கு நாம கருவாட்டுக் கொழம்பு ஊத்திக்கிறோமே, அத்தை?”

“அது சாமிக்குப் படைச்ச பொறவுடி. இது சாமிக்கு முன்னாடி. வாய மூடிக்கினு தண்ணி மொள்ளு.”

நாட்டார் வந்தார், விசாரித்தார், தீர்ப்புச் சொன்னார். “நாளைக்கு விடிஞ்சதும் பொடிக் கண்ணு வலையைப் போட்டு மொத்தத்தையும் அரிச்சி எடுத்துடலாம்.”

வேம்பு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். போன வருடம் மழைக்காலத்தில் அவள் தம்பி பாலகுரு குளிர்காய்ச்சலில் கிடந்தான். பாயும் சாக்கும் போட்டு மூடியும் அவன் நடுக்கம் நிற்கவில்லை. அவன் பிழைத்ததே பெரிது. அந்தக் காய்ச்சலைக் கொசு கொண்டுவருகிறது என்று ஜானகிராமன் சொன்னதை வேம்பு கேட்டிருந்தாள். வீட்டுக்குத் தண்ணீர் எடுப்பவளும் அவள்தான். முன்பெல்லாம் குடத்து வாயில் துணி கட்டி வடித்தால் துணியில் புழு நெளியும். மீன் வந்த பிறகு துணியில் ஒன்றும் இருப்பதில்லை.

மத்தியானம் ஜானகிராமன் கிணற்றைப் பார்க்க வந்தார். வேம்பு ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் வாடிப்போயிற்று.

“சாயங்காலம் எல்லாரையும் கூட்டச் சொல்லு. மறுபடியும் விளக்கமாப் பேசிடறேன்.”

“வேணாம் சார்” என்றாள் வேம்பு அவசரமாக. பிறகு, அவர் மனசு நோகுமே என்று, “நீங்க நல்லாத்தான் பேசினீங்க. ஆனா இப்ப அத்தை மூக்குகிட்ட பேசணும் சார்” என்றாள்.

“மூக்குகிட்ட எப்படிப் பேசறது?”

அது வேம்புவுக்கும் தெரியவில்லை. மூக்கு, மூக்கு என்று யோசித்துக்கொண்டே கரைப்பக்கம் போனாள். அங்கே அத்தை ஒரு சங்கரா மீன் கூடையின் முன்னால் குந்தி, வழக்கம்போலக் கண்ணை மூடினாள்.

“ஏன் அத்தை கண்ண மூடிக்கிற?”

“கண்ணு மினுமினுப்பப் பாத்து மயங்கிடும்டி. மூக்கு மயங்காது.”

வேம்பு வீட்டுக்கு ஓடினாள்.

ஊருக்கு முன்னால் வைத்து அத்தையைச் சோதிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அத்தைக்கு அந்த மூக்குதான் பிழைப்பு. நாலு பேர் முன்னால் அது தவறிப்போனால், நாளைக்குக் கரையில் யார் மதிப்பார்கள்? அதனால், பொழுது சாய்வதற்குள் பாலகுருவைக் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்கே போனாள். கையில் நாலு லோட்டா. இரண்டில் தங்கள் கிணற்றுத் தண்ணீர். மற்ற இரண்டில் பக்கத்துத் தெருக் கிணற்றுத் தண்ணீர். தங்கள் கிணற்று லோட்டாக்களுக்கு அடியில் கரியால் ஒரு கோடு போட்டிருந்தாள்.

“இன்னாடி இது, சொப்பு வெளையாட்டா?”

“எந்தத் தண்ணியில மீன் கவிச்சி அடிக்குதுன்னு சொல்லு அத்தை. கரையில பாக்கற மாதிரி கண்ண மூடிக்கினு பாரு.”

மூக்கைப் பற்றிப் பேசினால் அங்கம்மாளுக்கு மறுக்க முடியாது. கண்ணை மூடினாள். பாலகுரு லோட்டாக்களை இடம் மாற்றி ஒவ்வொன்றாக நீட்டினான். முதலாவதை முகர்ந்தாள். இரண்டாவதை முகர்ந்தாள். மூன்றாவதில் கொஞ்சம் நின்று, நாலாவதையும் முகர்ந்துவிட்டு, மறுபடி முதலாவதைக் கேட்டு வாங்கினாள். அவள் நெற்றியில் கோடு விழுந்தது.

“ஒண்ணுலயும் கவிச்சி இல்லியே. எல்லாம் நல்ல தண்ணி” என்று கண்ணைத் திறந்தாள். “நம்ம கெணத்துத் தண்ணியக் கொண்டாரலியா நீ?”

பாலகுரு லோட்டாக்களைத் தூக்கிக் கரிக்கோட்டைக் காட்டினான். அங்கம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சிவந்தது.

“அப்ப காலையில நான் பொய் சொன்னேங்கறியா?”

“இல்ல அத்தை. காலையில மீனப் பாத்துட்டு மோந்த. கண்ணு மயக்கிடிச்சி. உன் மூக்கு இப்பவும் சரியாத்தான் சொல்லுது.”

வேம்பு இரண்டு துணிகளை விரித்தாள். அந்தந்தக் கிணற்றுத் தண்ணீரை வடித்த துணிகள். பக்கத்துத் தெருத் துணியில் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. மற்றதில் ஒன்றுகூட இல்லை.

“இந்தப் புழுதான் கொசுவா ஆவுது. நம்ம கெணத்துல இத மீனு தின்னுடுது. மீன எடுத்துட்டா...” வேம்பு பாலகுருவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். “தம்பிக்கு மறுபடியும் வந்துட்டா இன்னா பண்றது அத்தை?”

அங்கம்மாள் பாலகுருவின் தலையைத் தடவினாள். போன வருடம் அவனுக்கு இரவெல்லாம் கால் தேய்த்துவிட்டவள் அவள்தான்.

மறுநாள் விடிந்ததும் நாட்டார் வலையோடு வந்தார். கிணற்றுக்கு முன்னால் அங்கம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். பக்கத்தில் லோட்டாக்கள்.

“நாட்டாரே, கண்ண மூடு.”

“எதுக்கு?”

“மூடுன்னா மூடு. நேத்து நான் கண்ணத் தொறந்துக்கினு மோந்துட்டேன். அதான் வந்த வெனை.”

நாட்டார் மூடினார், முகர்ந்தார், கண்ணைத் திறந்து வலையைச் சுருட்டினார். அவரை அடுத்து வரிசையாக எல்லாரும் கண்ணை மூடினார்கள். முகர்ந்துவிட்டுக் கண்ணைத் திறந்ததும், அங்கம்மாள் புழுத் துணியை ஒவ்வொருவர் மூக்குக்கும் நேராகப் பிடித்துக் காட்டினாள். காலா, வஞ்சிரம் என்று நாலு தெருவுக்குக் கேட்கக் கூவி விற்ற தொண்டை அது. அன்று கொசுவைப் பற்றிக் கூவியது. பக்கத்துத் தெருக்காரர்கள் அவர்களாகவே வந்து நாட்டாரிடம், “எங்களுக்கும் ரெண்டு மீனு குடுங்க” என்றார்கள்.

கூழ் அந்தத் தண்ணீரில்தான் கொதித்தது. கருவாட்டுக் குழம்பும் இருந்தது. ஜானகிராமன் மூன்று தரம் கூழ் வாங்கிக் குடித்தார்.

“முசே, அடுத்து எங்க மீனு விடப் போறீங்க?” என்று நாட்டார் பழைய பிரெஞ்சு மரியாதை மாறாமல் கேட்டார்.

“உழவர்கரையில. அங்கேயும் பேசணும்” என்றவர், கூழ் கிளறிக்கொண்டிருந்த அங்கம்மாளைத் தயக்கத்தோடு பார்த்தார். “அம்மா கூட வந்தா நல்லா இருக்கும்.”

“வியாபாரம் முடிச்சிட்டு வர்றேன். நீ பேச்சக் கொறச்சிக்க” என்றாள் அங்கம்மாள்.

மழைக்காலம் வந்து போயிற்று. பாலகுரு ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. ஒரு காலையில் வேம்பு தண்ணீர் இழுத்தபோது வாளியில் ஒரு மீன் ஏறி வந்தது. அவள் அதைக் கையில் ஏந்திக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“உனக்கு உள்ள வேலை இருக்குது, போ” என்று மெதுவாகக் கிணற்றில் விட்டாள்.