பின் சீட்டுக்கு அடியில்

பெட்ரோல் முள் முக்கால் டேங்கைத் தாண்டி நின்றது. மூன்று வாரத்துக்கு முன் அக்கா இந்தப் பழைய காரை வாங்கியபோது மெக்கானிக் தம்பியான அவன்தான் வீடுவரை ஓட்டி வந்து கொடுத்தான். அன்று முள் கால் டேங்கில் இருந்தது.

"அதுக்கப்புறம் ஒரு சொட்டு போடலடா," என்றாள் அக்கா. "உன் மாமாவை வாரம் மூணு தடவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். போயிட்டு வரும்போதெல்லாம் கொஞ்சம் ஏறுது. ஊரே பெட்ரோல் விலைக்கு அழுவுது, என் வண்டி தானா ரொப்பிக்குது. கண்ணு வெச்சிடாத."

"கேஜ் போயிருக்கும்க்கா," என்று சிரித்தான் மெக்கானிக். "ஆனா எஞ்சின் ஏன் இப்படி இழுக்குது?"

சாவியைத் திருப்பினால் எஞ்சின் குமட்டலெடுத்தவன் போல இரண்டு முறை குலுங்கி, மூச்சைப் பிடித்து, அப்புறம்தான் ஓடியது. புகைக்குழாயிலிருந்து வெள்ளையாகக் கிளம்பிய புகை, மத்தியான வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த ஒர்க்‌ஷாப்பின் தகரக் கொட்டகைக்குள் தாழ்வாகப் பரவி, பல நாள் மாற்றாத புண்கட்டின் வாடையாக அவன் மூக்கில் வந்து உட்கார்ந்தது. ஃபில்டரைக் கழற்றினான். துரு இல்லை, தூசி இல்லை. முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஒரு கொழகொழப்பு விரலோடு ஒட்டி நூலாக நீண்டது. கழிவுத்துணியில் துடைத்தான். சோப்புத்தூள் போட்டு மூன்று முறை கழுவினான். வாடை போகவில்லை.

"இன்னைக்குள்ள முடிச்சிடுவல்ல? நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு மெஷின். ஒரு தடவை தவறினாலும் அவருக்கு மூச்சு முட்டிடும்."

"முடிச்சிடலாம். டேங்கைத் திறந்து பார்க்கணும். மாமாவை இறங்கச் சொல்லு."

டேங்கின் மூடி பின் சீட்டுக்கு அடியில் இருந்தது. அந்தச் சீட்டில் மாமா சாய்ந்து கிடந்தார்.

"நான் இங்கயே இருக்கேனே மாப்ள," என்றார். "இதுல உக்காந்தாதான் வலி தெரியல."

அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். வெறும் சட்டையைத் தூக்கியது போலிருந்தது. போன மாதம்கூட மாடிப்படியில் அவரைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. சீட்டிலிருந்து அவருடைய கால்சட்டை, காயத்தோடு ஒட்டிய துணி பிரிவதுபோல மெல்லச் சத்தமிட்டபடி உரிந்து வந்தது. வியாதி உடம்பு, என்னதான் செய்வார் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தான்.

சீட்டைத் தூக்கினான். தூக்கிய கை கூசியது.

அடிப்பக்க ஸ்பாஞ்ச் ஈரமாக, வெதுவெதுப்பாக, பல் முளைக்காத ஈறு போல இளஞ்சிவப்பாக இருந்தது. அதிலிருந்து முடிக்கற்றை கனத்தில் நரம்புகள் இறங்கி, டேங்க் மூடியின் விளிம்புக்குள் போயின. ஏதோ பூஞ்சை. அப்படித்தான் நினைத்தான். கத்தியை வைத்து ஒன்றை அறுத்தான்.

"ஸ்ஸ்..." என்றார் நாற்காலியில் மாமா.

இன்னொன்றை அறுத்தான்.

"ஸ்ஸ்..."

அவன் மாமா பக்கம் திரும்பவில்லை. மீதியை வேகமாக அறுத்துப்போட்டு, மூடியின் திருகுகளைக் கழற்றினான். வாடை முகத்தில் அறைந்தது. எச்சிலைக் கூட்டித் துப்பிவிட்டு, முள்ளுக்கு அளவு காட்டும் மிதவையை ஒயரோடு வெளியே எடுத்தான். அக்கா முன்சீட்டில் ஏறிச் சாவியைப் போட்டாள்.

"தூக்குறேன்க்கா. முள்ளு என்ன பண்ணுது?"

"ஏறுது."

"இப்ப?"

"இறங்குது."

கேஜில் கோளாறே இல்லை. இத்தனை நாளும் முள் உள்ளதைத்தான் காட்டியிருக்கிறது. மிதவையின் ஒயரைப் பிடுங்கிக் காலடியில் போட்டுவிட்டு, ஓட்டைக்குள் டார்ச் அடித்தான். பாலில் சீழ் கலந்த நிறத்தில் முக்கால் டேங்குக்கு மேல் தளும்பியது. அடியில், பம்பின் வாயை அடைத்துக்கொண்டு, வெளுப்பாக என்னவோ மடிந்து கிடந்தது. துணியாக இருக்கும். எவனோ துணியை அடைத்திருக்கிறான். அதை எடுத்துவிட்டால் வண்டி ஓடும்.

மூச்சை அடக்கிக்கொண்டு கையை விட்டான். மணிக்கட்டு. முழங்கை. உள்ளே உடம்புச் சூடு. விரல்கள் அதைத் தொட்டன.

துணி இல்லை.

மடிப்பு விரிந்தது. விரிந்து, கவ்வியது. பல் இல்லை. மிருதுவாக, விட்டுவிட்டு, பசியோடு சப்பியது.

கத்த வாயைத் திறந்தான். மாமாவைப் பார்த்தான். மாமா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல கூச்சமாத்தான் இருக்கும் மாப்ள," என்றார் மாமா சன்னமாக. "அப்புறம் பழகிடும்."

"டேய்," முன்சீட்டிலிருந்து அக்காவின் குரல். "இப்ப ஏறுதுடா! என்ன பண்ணின?"

முள்ளோடு இணைக்கும் ஒயர் அவன் காலடியில் கிடந்தது.

இழுத்தான். வரவில்லை. காலை உதைத்து, தோளைச் சாய்த்து, முழுப்பலத்தோடு இழுத்தான். கை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. காயம் இல்லை. ஒரு துளி ரத்தம் இல்லை. எலும்பின் மேல் ஈரத்தோல் மட்டும் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. பத்து வருடமாகக் கழற்ற முடியாமல் விரலில் இறுகியிருந்த மோதிரம் தானாக நழுவி ஓட்டைக்குள் போனது.

விழுந்த சத்தம் கேட்கவில்லை. விழுங்கிய சத்தம்தான் கேட்டது.