எட்டாவது டப்பாவில் பேய்

பட்டாணிக்கு வயது பத்து. ஆள் சின்னது, வாய் பெரியது. பள்ளி விட்டதும் நேராக அம்மா வேலை செய்யும் இடத்துக்கு வந்துவிடுவாள்.

அம்மாவுக்குப் பழைய படச்சுருள்களைச் சரிசெய்கிற வேலை. கிழிந்த இடத்தை ஒட்டுவார், பூஞ்சையைத் துடைப்பார், பிறகு ஒவ்வொரு படமாகக் கணினியில் ஏற்றுவார். அந்த வாரம் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை.

ஒரு பழைய நாடகக் கொட்டகையை இடிக்கப் போனவர்கள் மேடைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியைக் கண்டெடுத்திருந்தார்கள். அது அம்மாவிடம் வந்தபோது பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. பூட்டு ரிப்பேர்காரர் வந்தார். காதைப் பூட்டில் வைத்தார், கம்பியை விட்டு ஆட்டினார், கண் மூடித் திறப்பதற்குள் திறந்துவிட்டார். உள்ளே எட்டு டப்பாக்கள் இருந்தன. முதல் டப்பாவில் 'மூன்றாம் மாடிப் பேய்' என்று எழுதியிருந்தது.

ஒரு காலத்தில் ஊரையே நடுங்க வைத்த மேடை நாடகம் அது. பிறகு அதைப் பேசாத படமாக எடுத்தார்கள். பேசாத படத்தில் எல்லாரும் வாயசைப்பார்கள், சத்தம் மட்டும் வராது. அந்தப் படம் என்றைக்கோ தொலைந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெயரைப் படித்ததும் பூட்டுக்காரர் கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டுவிட்டார்.

"இதுல பேயா நடிச்சது எங்க தாத்தாதான், அக்கா. எங்கப்பா கைக்குழந்தையா இருக்கும்போதே அவர் இறந்துட்டாரு. வீட்ல ஒரு போட்டோகூடக் கிடையாது. அவர் முகத்த ஒரு தடவ காட்டிடுங்க, போதும்."

கட்டாயம் காட்டுகிறேன் என்று அம்மா வாக்குக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை மாலை நாலு மணிக்குப் படம் போடுவதாக முடிவானது.

வியாழக்கிழமை பட்டாணி உள்ளே வந்தபோது அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, படம் கெட்டுப்போச்சா?"

"படம் நல்லாத்தான் இருக்கு. பேய்தான் சரியில்ல. நீயே பாரு."

பட்டாணி பார்த்தாள். மூன்றாம் மாடியில் பேய் நடந்தது, நாற்காலியைக் கவிழ்த்தது, ஒரு தடியரை ஜன்னல் வழியாகக் குதிக்க வைத்தது. எல்லாவற்றையும் தலையிலிருந்து கால்வரை ஒரு வெள்ளைப் போர்வையைப் போர்த்திக்கொண்டே செய்தது. ஏழு டப்பாவிலும் மூக்கு நுனிகூட வெளியே தெரியவில்லை.

அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்று அம்மா புலம்பினார். பெட்டியைத் திறந்த அன்று பூட்டுக்காரர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டே படிக்கட்டில் இறங்கிப் போனதைப் பட்டாணி பார்த்திருந்தாள்.

பேய் மறுபடி நடந்தது. போர்வைக்குள் அதற்கு மூச்சு முட்டியிருக்குமே என்று பட்டாணிக்குத் தோன்றியது. அவளுக்கு அந்த அவதி நன்றாகத் தெரியும். போன வருடம் பள்ளி நாடகத்தில் அவள்தான் கரடி. கரடித் தலைக்குள் வெந்துபோய், திரை இறங்கத் தொடங்கியதும் அதைக் கழற்றி எறிந்தாள். ஆனால் திரை பாதியிலேயே மாட்டிக்கொண்டது. வியர்த்து வழிந்த கரடியைப் பார்த்துப் பள்ளிக்கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. மானம் போயிற்று.

"அம்மா, காட்சி முடிஞ்ச உடனே அவரும் போர்வையத் தூக்கிப் போட்டிருப்பாரு. அந்த நேரம் கேமரா ஓடிக்கிட்டு இருந்திருந்தா?"

"இருந்திருந்தாலும் வேணாம்னு அதை வெட்டியிருப்பாங்கடி."

"வெட்டினத எங்க போட்டாங்க?"

அம்மா மெல்லத் திரும்பி அலமாரியைப் பார்த்தார். அங்கே எட்டாவது டப்பா இருந்தது. அதன் மேல் 'கழிவு' என்று எழுதியிருந்ததால், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவே ஒதுக்கி வைத்திருந்தார்.

அன்றும் மறுநாளும் இருவரும் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். உள்ளே முழங்கை நீளத்திலிருந்து இரண்டு ஆள் நீளம் வரை நூற்றுக்கணக்கான துண்டுகள் சுருண்டு கிடந்தன. அம்மா ஒவ்வொன்றாக நிமிர்த்தி வெளிச்சப் பலகையில் வைக்க, பட்டாணி பூதக்கண்ணாடியால் பார்த்தாள். காலி நாற்காலி, யாருடைய கட்டைவிரலோ ஒன்று, பேய் மாளிகைக்குள் சாவகாசமாக நடந்துபோகும் ஒரு பூனை. அறுபது துண்டுக்குப் பிறகு பட்டாணிக்குக் கண் எரிந்தது. இருந்தாலும் அவள் எழுந்திருக்கவில்லை.

வெள்ளி மாலை ஒரு நீளமான துண்டில் போர்வைக்குக் கீழே இரண்டு முழங்கால்கள் தெரிந்தன. அதே துண்டில் சில படங்கள் தள்ளி வயிறு தெரிந்தது.

"அம்மா," என்றாள் பட்டாணி. அதற்குமேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. அது நடப்பது மிக அரிது.

சனிக்கிழமை பூட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார். படம் ஓட ஓட அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். பேய் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கழுத்தை நீட்டினார். 'முற்றும்' என்று வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"பரவால்லக்கா. அவர் நடையையாவது பாத்தேனே," என்று எழுந்திருக்கப் போனார்.

"உக்காருங்க மாமா. பேய் இன்னும் வீட்டுக்குப் போகல," என்றாள் பட்டாணி.

திரையில் மறுபடி வெளிச்சம் வந்தது. பேய் போர்வையைத் தலைவழியே உருவி எறிந்தது. உள்ளிருந்து, முடியெல்லாம் குத்திட்டு நிற்க, வியர்வையில் குளித்த ஒருவர் வெளியே வந்தார். சட்டையின் கழுத்தைப் பிடித்து விசிறிக்கொண்டே ஏதோ சொன்னார். சத்தம் இல்லாவிட்டாலும் அவர் சொன்னது எல்லாருக்கும் புரிந்தது. ஸ்ஸ், என்ன புழுக்கம்!

அப்போதுதான் கேமரா இன்னும் ஓடுவதைக் கவனித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்து நம்மைப் பார்த்துக் கையாட்டினார். அவ்வளவுதான், மொத்தமே எட்டு நொடி.

பூட்டுக்காரரின் சின்ன மகள் அப்பாவின் காதைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, அவருக்கும் உன்ன மாதிரியே முறக்காது."

பூட்டுக்காரர் அழுதார், சிரித்தார், காதைத் தடவிக்கொண்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. அம்மா சலிக்காமல் போட்டுக்கொண்டே இருந்தார்.

ஏழாவது தடவை பேய் கையாட்டியபோது, பூட்டுக்காரர் எழுந்து நின்று பதிலுக்குக் கையாட்டினார்.