பட்டைத் தண்ணீர்

ஆம்பூரைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் இருந்த அந்த ஊருக்கு முதலில் தோல் பதனிடும் ஷாப்பு வந்தது. இருபது வருஷம் கழித்துத்தான் மாதா கோயில் வந்தது. அதனால் சாமியார் எவ்வளவு சாம்பிராணி போட்டாலும் பூசையில் தோல் வாடைதான் ஜெயிக்கும்.

1911-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலில் வேதபாடம் சொல்லித்தரும் உபதேசியார் ரத்தினசாமி ஞானஸ்நானத் தொட்டியை நிரப்பக் குடத்தோடு உள்ளே வந்தார். அன்று அவருடைய சொந்த மகளுக்கே ஞானஸ்நானம். பதினோரு வருஷம் ஊர்ப் பெண்கள் பேசிப் பேசி அலுத்த பிறகு பிறந்த குழந்தை. நாலு நாளாகப் பால் குடிக்கவில்லை. மத்தியானம் வரை தாங்காது என்று மருத்துவச்சி கைவிரித்திருந்தாள்.

குடத்தைச் சாய்த்தார். கிணற்றுத் தண்ணீர் தெளிவாகத்தான் விழுந்தது. தொட்டியில் சேர்ந்ததும் பழுப்பாகியது.

ஆவாரம்பட்டை வாடை.

கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினார். மறுபடியும் பழுப்பு. உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். கையிலேயே நிறம் மாறியது.

காரணம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். போன பங்குனியில், தோல் ஷாப்பில் வேலை செய்துகொண்டிருந்த ஆரோக்கியமேரிக்குத் தோல் ஊறும் குழி ஓரத்திலேயே குறைப்பிரசவம். குழந்தை சாகக் கிடந்தது. ஆபத்துக்கு உபதேசியாரே ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பதால் அவரைக் கூட்டிப் போனார்கள். இருட்டுக் கொட்டகையில் கைக்கு அகப்பட்ட குடத்தை எடுத்து ஊற்றி, ஜெபத்தை முடித்தார். வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான், ஊரே மெச்சும் தன் வெள்ளைக் கோட்டின் கையில் பழுப்புக் கறையைப் பார்த்தார். குடத்தில் இருந்தது, தோல் பதமாக ஊறவைக்கும் ஆவாரம்பட்டைத் தண்ணீர்.

வெறும் தண்ணீர் இல்லையென்றால் ஞானஸ்நானம் செல்லாது. அப்படிச் செத்த குழந்தைக்குக் கல்லறை மதிலுக்கு வெளியேதான் இடம். உபதேசியார் வாயைத் திறக்கவில்லை. குழந்தையை உள்ளே புதைத்தார்கள். ஊர் பாராட்டியது, அதையும் இன்னொரு கோட்டு மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தார்.

இப்போது அந்த ஆரோக்கியமேரிதான் நன்றிக்கடனாக ஞானத்தாயாக வந்து, அவர் மகளை ஏந்தி வாசலில் நின்றாள்.

"சீக்கிரம் உபதேசியாரே. மூச்சு இழுக்குது."

"மேரி, அன்னிக்கு உன் குழந்தைக்கு..."

"அது மோட்சத்துல இருக்குதுன்னுதான் நான் இன்னும் சோறு துன்றேன்," என்றாள் அவள். "இதுக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கட்டும்."

அவர் கிணற்றில் மொண்ட குடத்தோடு பின்பக்கம் ஓடினார். கல்லறையின் மூலையில் மேரியின் குழந்தையைப் புதைத்த சாண் அகல மேட்டில் தண்ணீரை ஊற்றினார். "பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவினுடையவும் நாமத்தினாலே..." செத்தவர்களுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்று மற்றவர்களுக்குப் பாடம் சொன்னவர் அவர்தான்.

மண் தண்ணீரை உறிஞ்சியது.

மண்ணுக்குள்ளிருந்து, குழந்தை பால் குடிக்கிற மாதிரி சத்தம்.

திரும்பி ஓடி வந்து தொட்டியை நிரப்பினார். தண்ணீர் பளிங்காக நின்றது. சாமியார் வந்தார், ஊற்றினார், பெயர் சொன்னார், போனார். குழந்தையின் இழுப்பு அடங்கிச் சீராக மூச்சு வந்தது. தப்பித்தோம் என்று உபதேசியார் தூணில் சாய்ந்து அழுதார்.

ஆரோக்கியமேரி குழந்தையின் தலையைத் துடைத்தாள். தண்ணீர் விழுந்த நெற்றியில் அவள் கை நின்றது.

எட்டு வருஷம் ஷாப்பில் உழைத்த விரல்கள். இரண்டு விரலால் அந்த இடத்தைப் பிடித்து, லேசாக மடித்து, விட்டாள். குழியில் ஊறின தோலில் பட்டை ஏறிவிட்டதா என்று சோதிக்கிற மாதிரி.

குழந்தை அழவில்லை.

"பதம் ஏறியிருக்குது," என்றாள் மெதுவாக. பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உபதேசியாரே, அன்னிக்கு என் பொண்ணுக்கு இன்னா தண்ணி ஊத்துனீங்க?"